மூலைத் துண்டு

"தீயைக் குறைடா குட்டி. அடி பிடிக்கப் போகுது."

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவன் அடுப்பைக் குறைத்தான். பாத்திரத்தில் வெண்ணெயும் மைதாவும் வறுபட்டு, பாலோடு சேர்ந்து, கெட்டிப்படலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. ஐம்பது வயதுக்காரனைக் குட்டி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் மிச்சம். அவளால் இப்போது தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. ஆனால் கரண்டி உரசும் சத்தத்தைக் கேட்டே மாவு கட்டி தட்டியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். தொழிற்சாலை கேன்டீனில் இருபத்தெட்டு வருஷம் சமைத்த காது அது.

காலையில் நர்ஸ் முகம் துடைத்துவிட்டு நகர்ந்ததும் அக்காதான் கேட்டாள். "இன்னைக்கு ட்ரே போடறியா?"

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நர்ஸுக்கோ ஒரே சந்தோஷம். மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காத நோயாளி வாய்விட்டு ஒரு பண்டத்தைக் கேட்கிறாள் என்றால் சும்மாவா? உடனே செய்து கொடுக்கும்படி அவனைத் துரத்தினாள். அந்த வீட்டில் ட்ரே என்றால் என்னவென்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த வீட்டில் கெட்ட செய்தியை யாரும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. செய்தியைக் கையில் வைத்திருப்பவர் ட்ரே போடுவார், அதாவது பாஸ்தாவும் சீஸும் சேர்த்து ஒரு ட்ரே ஓவனில் சுட்டு வைப்பார். கேட்க வேண்டியவர் அதைச் சாப்பிட்டு முடிப்பார். முடித்ததும் காலி ட்ரேயை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு, "சரி, சொல்லு" என்பார். அதுவரை இருவரும் வாயைத் திறக்கக் கூடாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டபோது அவனே ட்ரே போட்டான். அது கரிக்கட்டையாகிவிட்டது. மகனைப் போல வளர்த்த தம்பி ஃபெயிலானதைவிட நல்ல சீஸ் வீணானதற்குத்தான் அக்கா அதிகம் திட்டினாள். கேன்டீனை மூடியபோது அக்கா போட்டாள். கல்யாணமான புதிதில் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று சிரித்த அவன் மனைவி, தன் வேலை போன அன்று யாரிடமும் பேசாமல் கடைக்குப் போய்க் காளான் வாங்கி வந்தாள். அவன் மகள் பாப்பா, நம்பியிருந்தவன் கைவிட்டபோது, அத்தையோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ட்ரே செய்து வைத்து அழுதுவிட்டு வந்தாள்.

இன்று செய்தி அக்காவிடம் இருந்தது. எழுந்து நிற்க முடியாததால் சமையல் மட்டும் அவன் தலையில் விழுந்திருந்தது.

செய்தி என்னவென்று அவனுக்குத் தெரியும். அதுதான் தொல்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை மட்டும் வெளியே அழைத்து, இனிமேல் இங்கே கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நாட்கணக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அவன் உள்ளே வந்து அக்காவிடம், அடுத்த வாரம் புதிய மருந்து ஒன்று வருகிறதாம், போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடலாமாம் என்றான். பொய் சரளமாக வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்று, உள்ளே மாட்டியவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். போனதும் கதவிடுக்கில் வாயை வைத்து அவன் சொல்கிற முதல் வார்த்தை "அஞ்சு நிமிஷம்" என்பதுதான். மோட்டாரே எரிந்து போயிருந்தாலும் அஞ்சு நிமிஷம்தான். அந்தப் பொய்யால் இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. கதவு கடைசியில் எப்படியும் திறந்துவிடும்.

"காளான் வதக்கிட்டியா?"

"ஆச்சுக்கா."

"சோயா சாஸ் ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"மிசோவைக் கொதிக்கறப்ப போடாத. அடுப்பை அணைச்சுட்டு, வெதுவெதுன்னு இருக்கற பால்ல கரைச்சு ஊத்து."

நாற்பது வருஷமாகக் கேட்ட பாடம். மிசோ என்பது சோயாவைப் புளிக்கவைத்து அரைத்த பழுப்பு விழுது. பார்ப்பதற்கு அவனுடைய கிரீஸ் டப்பாவில் இருப்பது போலவே இருக்கும். அக்கா இருபது வயதில் கேன்டீனில் வெறும் கையாளாக இருந்தபோது, ஒரு மெஷினைப் பொருத்த ஜப்பானிலிருந்து ஆறு இன்ஜினியர்கள் வந்தார்கள். கேன்டீன் சாப்பாட்டைக் கும்பிடு போட்டு வாங்கி, பாதியைக் கும்பிடு போட்டே திருப்பித் தந்தார்கள். அதில் மூத்தவர் ஒரு நாள் தன் பெட்டியிலிருந்து ஒரு டப்பா மிசோவை எடுத்துவந்து அக்காவிடம் கொடுத்து, சூப் வை என்று சைகையில் காட்டினார். சூப் வைத்தால் மனுஷனுக்கு வயிறு நிறையுமா என்று அக்காவுக்குக் கவலை. கேன்டீனில் மக்ரோனி இருந்தது, பால் இருந்தது, ரொட்டி சுடுகிற ஓவன் இருந்தது. வெள்ளை சாஸில் மிசோவைக் கரைத்து, காளானையும் மக்ரோனியையும் போட்டுப் புரட்டி, மேலே சீஸும் ரொட்டித் தூளும் எள்ளும் தூவி ஓவனுக்குள் தள்ளிவிட்டாள்.

மூத்தவர் ஒரு வாய் எடுத்தார். ஸ்பூனைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்து நீளமாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அந்த நேரம் பார்த்து வெளியே போயிருந்தார். அவர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தட்டை மட்டும் வழித்துச் சாப்பிட்டார்.

அன்று மத்தியானம்தான் கேன்டீனுக்கு அந்த போன் வந்தது. அக்கா, தம்பி இருவரின் அம்மா வேலை செய்கிற இடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அப்பா என்ற ஒருவர் அதற்கும் முன்பே இல்லை. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பவும் கேன்டீனுக்கு வந்து, மீதியிருந்த ட்ரேயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பத்து வயதுப் பையன் பசியோடு வாசலில் நின்றான். அம்மா எங்கே என்று கேட்டான். முதலில் சாப்பிடு, அப்புறம் சொல்கிறேன் என்றாள். அவன் அப்படி ஒரு ருசியைப் பார்த்ததே இல்லை. மூலை முடுக்கெல்லாம் சுரண்டித் தின்றுவிட்டு, காலி ட்ரேயைத் தொப்பி மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு கோமாளித்தனம் செய்தான். பிறகு அதை மேஜையில் டங்கென்று கவிழ்த்து, "சரி, சொல்லு" என்றான்.

அம்மா போன நாளில் ருசித்துச் சாப்பிட்டோமே என்று ரொம்ப நாள் அவனுக்கு அக்காமேல் கோபம் இருந்தது. தனக்கென்று ஒரு மகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. அக்கா அவனுக்கு அம்மாவை இன்னும் அரை மணி நேரம் கொடுத்திருந்தாள்.

பாஸ்தாவை வடிகட்டி சாஸில் கொட்டினான். இப்போதெல்லாம் மக்ரோனி இல்லை, சாய்வாக வெட்டிய குழாய் பாஸ்தா. சீஸைத் துருவினான். ஆமை இவனிடம் நிதானம் கற்றுக்கொள்ளலாம். ஒரு துருவல்கூடச் சிந்தாமல், ஏதோ நகை வேலை செய்கிறவனைப் போலத் துருவினான்.

"அங்க என்ன, சீஸ் துருவறியா, சிற்பம் செதுக்கறியா?"

"அஞ்சு நிமிஷம்க்கா."

பிறகு, "சின்ன ட்ரேயிலயும் கொஞ்சம் எடுத்து வை. பாப்பா வர்றா இல்ல, அவளுக்கு" என்றாள். வெளியூரில் வேலை பார்க்கும் பாப்பாவின் ரயில் நான்கு மணிக்கு. சின்ன ட்ரேயை நிரப்பி, சுடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தான். பெரிய ட்ரே ஓவனுக்குள் போனது. இருபத்தைந்து நிமிஷத்தில் வீடு முழுக்க வெண்ணெயும் சீஸும் லேசான புளித்த வாசனையும் நிறைந்தன. நர்ஸ் எட்டிப் பார்த்து மூச்சை இழுத்து, நல்லா வந்திருக்கும் சார் என்று சான்றிதழ் கொடுத்தாள்.

அக்காவை இரண்டு தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். அவன் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்டூலில் ட்ரேயை வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒவ்வொரு குழாயாகக் குத்தி எடுத்தான். உப்பு கரித்தது. மிசோவில் உப்பு இருக்கிறது என்று தெரிந்தும், யோசனை எங்கேயோ இருந்ததில் சாஸிலும் போட்டிருந்தான். தண்ணீர் குடித்தான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தான். மெல்லுவதும் விழுங்குவதுமாக முக்கால் மணி நேரம் ஓட்டினான்.

வலதுபக்க மூலையில், சீஸ் நன்றாகச் சிவந்து ஓரத்தோடு ஒட்டியிருந்த இரண்டு விரல் அகலத் துண்டு பாக்கி. ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"அந்த மூலை?" என்றாள் அக்கா.

"வயிறு நிறைஞ்சுடுச்சுக்கா. சாயந்திரம் சாப்பிட்டுக்கறேன்."

"உனக்கு வயிறு நிறைஞ்சு நான் பாத்ததே இல்லையே."

அவன் சுவரைப் பார்த்தான். அந்தத் துண்டு அங்கே இருக்கும்வரை ட்ரே காலியில்லை. ட்ரே காலியாகாதவரை யாரும் எதையும் சொல்ல முடியாது. சாயந்திரம்வரை தள்ளிப் போட்டால், நாளை என்று ஒன்று வந்தாலும் வரும். ஐம்பது வயது ஆள் போடுகிற கணக்கா இது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஸ்பூனைக் கையில் எடுக்கவில்லை.

அக்கா நர்ஸைப் பார்த்தாள். "ஒரு ஸ்பூன் குடும்மா."

"நீ சாப்பிட முடியாதுக்கா. வாந்தி வரும்."

"வந்தா வரட்டும். நீ சாப்பிட மாட்டேங்கற. யாராவது சாப்பிட்டுத்தானே ஆகணும்."

நர்ஸ் ஸ்பூன் கொண்டுவந்தாள். அக்காவின் விரல்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. அவன்தான் பிடித்துக்கொண்டான். துண்டைச் சின்னதாக நசுக்கி, பாலில் நனைத்து, உதட்டோரம் வைத்தான். அவள் வாய்க்குள் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, மலை ஏறுகிற மாதிரி மென்றாள். விழுங்கும்போது கழுத்து நரம்பு ஒன்று ஏறி இறங்கியது. போதும் என்று சொல்ல அவனுக்கு வாய்வரை வந்தது. அவள் நெற்றியைச் சுருக்கி அடுத்த வாய்க்கு வாயைத் திறந்துவிட்டாள். அந்த இரண்டு விரல் துண்டை முடிக்க எவ்வளவு நேரம் ஆனதென்று அவன் பார்க்கவில்லை. கடைசித் துணுக்கு இறங்கியதும் அவள் சற்று நேரம் மூச்சு வாங்கினாள்.

"உப்பு போட்டியா சாஸ்ல?"

"மறந்து போட்டுட்டேன்."

"மிசோலயே இருக்கேடா. எத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தேன்." பிறகு ட்ரேயைக் கண்ணால் காட்டினாள். "கவிழ்த்து."

அவன் கவிழ்த்தான். ரொட்டித் தூள் கொஞ்சம் ஸ்டூலில் உதிர்ந்தது. அதை விரலால் ஒன்றுசேர்த்தான். அக்கா அவசரப்படுத்தவில்லை.

"சரி," என்றான். "சொல்லு."

"நான் போயிடுவேன்டா குட்டி. இன்னைக்கோ நாளைக்கோ. அவ்வளவுதான் செய்தி."

அவன் தலையை ஆட்டினான். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. போன வாரமே சொல்லிட்டாங்க."

"தெரியும். புது மருந்துன்னு நீ சொன்னப்பவே தெரியும். லிஃப்ட்ல மாட்டினவன்கிட்ட பேசற குரல்ல பேசினே." அவள் சிரிக்கப் பார்த்தாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "அம்மா போன அன்னைக்கு நீ சாப்பிட்டுக்கிட்டிருந்தே இல்ல, அந்த அரை மணி நேரம். எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். உனக்கு அம்மா இருந்தா. எனக்கு இல்ல. அந்த வீட்டுல அது தெரிஞ்சது நான் ஒருத்திதான். அப்படித் தனியா நான் எப்பவும் இருந்ததில்லடா. இந்த ஒரு வாரமும் அதே மாதிரி இருந்துச்சு. அதான் ட்ரே போடச் சொன்னேன்."

அவன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டான். நாற்பது வருஷமாக அந்த அரை மணி நேரத்தைத் தனக்குக் கிடைத்த பரிசாக மட்டும் நினைத்திருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பெண்ணை இன்றுவரை அவன் பார்த்ததே இல்லை.

"மன்னிச்சுக்கக்கா."

"எதுக்கு? இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும். பரவாயில்ல."

அதன்பிறகு அவள் முகம் லேசானது. அவனுக்கும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. நர்ஸ் தலையணைகளைத் தாழ்த்திப் படுக்கவைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு அவன் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தான். அவர்கள் இருவருக்கும் ஒரு பழைய விளையாட்டு உண்டு. அந்த ஜப்பான்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று மாற்றி மாற்றி ஊகிக்க வேண்டும்.

"என் சூப்புல சீஸை எவ போட்டதுன்னு கேட்டிருப்பார்," என்றான்.

"ம்."

"இந்தப் பொண்ணுக்கு சைகையும் புரியல, சமையலும் தெரியலன்னு சொல்லியிருப்பார்."

"ம்." உதட்டின் ஓரம் அசைந்தது.

"எங்கம்மாகூட இப்படிச் செஞ்சதில்லன்னு சொல்லியிருப்பார்."

"ம்."

"மெஷின் வேலையை விட்டுட்டு நாமளும் கேன்டீன்லயே சேந்துடலாம்னு தோணியிருக்கும்."

"ம்" வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து, இன்னும் இரண்டு ஊகம் தாழ்ந்த குரலில் சொன்னான். அவன் கைக்குள் இருந்த கையின் கனம் மாறியது. எழுந்து நர்ஸைக் கூப்பிடவில்லை. அவளாகவே வந்தாள். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி பத்து நிமிஷம். அவன் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டு, போர்வையைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

மகளை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்த மனைவிக்கு போன் செய்தான். ரயில் இன்னும் வரவில்லை. அவன் சொன்னதும் அந்தப் பக்கம் ஸ்டேஷன் இரைச்சல் மட்டும் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. பாப்பாவிடம் நான் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். அவன் கண் ஃப்ரிட்ஜ் பக்கம் போனது.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்க ஓவனைப் போடுங்க."

அவன் முகத்தைக் கழுவினான். ஃப்ரிட்ஜிலிருந்து சின்ன ட்ரேயை எடுத்தான். மேலே சீஸ் தூவினான். இந்தமுறை கை வேகமாக ஓடியது. நர்ஸ் சமையலறை வாசலில் வந்து நின்று, இப்போது எதற்கு இந்த மனுஷன் சமைக்கிறான் என்பது போலப் பார்த்தாள். அக்காவின் அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, அதன் அருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து மணிக்குக் கார் வந்து நின்றது. பாப்பா பையோடு வாசற்படி ஏறினாள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவள் போலிருந்தது. ஏதோ பாதி வாக்கியத்தில் இருந்தாள். நிலையைத் தாண்டியதும் வாசனை வந்தது. வாக்கியம் அப்படியே நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா காரின் சாவியைப் பைக்குள் வைப்பதிலேயே குறியாக இருந்தாள்.

செருப்பைக் கழற்ற பாப்பாவுக்கு நெடுநேரம் ஆனது. சாத்தியிருந்த கதவை ஒருதரம் பார்த்தாள். பிறகு மறுபடியும் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து மேஜைமுன் உட்கார்ந்தாள். அவன் ட்ரேயை அவள்முன் வைத்து, ஸ்பூனைக் கொடுத்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவள் சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் இன்னும் அத்தை இருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. மனைவி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைக்குக் கீழே அவன் முழங்காலில் கையை வைத்தாள். அவனாவது தனியாக இல்லை.

"உப்பு கொஞ்சம் ஜாஸ்திப்பா," என்றாள் பாப்பா, ட்ரேயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா. அத்தையும் சொன்னா."

அவள் தலையசைத்தாள். ஒவ்வொரு குழாயாகக் குத்தி எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். ஆறிக்கொண்டிருந்த ஓவன் அவ்வப்போது டிக் டிக்கென்று சத்தம் போட்டது. வலதுபக்க மூலையில், சீஸ் சிவந்து ஓரத்தோடு ஒட்டியிருந்த துண்டு ஒன்று பாக்கி இருந்தபோது, அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"இதை அப்புறம் சாப்பிடறேன்," என்றாள்.

"சரிம்மா," என்று அவன் சொன்னான். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.